முழங்கை வரைக்கும் கட்டு

"இதுக்குப் பேரு ஆபரேஷனா?" என்று ஆனந்தராஜின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் மனைவி கெம்பம்மா.

வலது கட்டைவிரலின் அடியில் கடுகளவில் இரண்டு புள்ளிகள். இருபத்து நாலு வருடம் ஓசூர் கம்பெனியில் நட்டு முறுக்கியதில் அந்த மூட்டு தேய்ந்துபோயிருந்தது. டாக்டர் ஒரு துளையில் கேமராவையும் இன்னொன்றில் கருவியையும் விட்டுச் சுத்தம் செய்து, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பத்தாம் நாளான இன்று தையலும் பிரித்தாயிற்று.

"சீக்கிரம் ஆறினது நல்லதுதானே?"

"நமக்கு நல்லது. கல்லாவிக்காரங்களுக்கு? போன்ல பெரிய ஆபரேஷன்னு சொல்லிட்டேன். சூளகிரி தாண்டி வந்துனு இருக்காங்க!"

கல்லாவிக்காரர்கள் என்றால் மகள் ஹரிணியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள். மாப்பிள்ளை சக்தி கான்ட்ராக்ட் தொழிலாளி, நல்ல பையன். மூன்று மாதமாக ஊம் என்றும் சொல்லவில்லை, ஊஹூம் என்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் என்றதும் அடித்துப் பிடித்துக் கிளம்பியிருக்கிறார்கள். இந்தச் சம்பந்தம் எப்படியாவது அமைந்துவிடாதா என்று ஆனந்தராஜ் ஏங்கிக்கொண்டிருந்தார்.

கெம்பம்மா கட்டுத்துணியை எடுத்து மணிக்கட்டு வரை சுற்றினாள். எடுப்பாக இல்லை. பழைய வேட்டியைக் கிழித்து முழங்கை வரை ஏற்றினாள்.

"கட்டு ஜோரா இருக்கு. கையைத்தான் காணோம்" என்றாள் ஹரிணி.

மாப்பிள்ளையின் அப்பா மாரிமுத்து ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார். கூடவே அவருடைய அக்கா மாரம்மா. கட்டைப் பார்த்ததும் மாரிமுத்து ஆனந்தராஜின் எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"விரல் அசையுதா சார்?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆனந்தராஜ், "அசையுதே. ரெண்டு மாசத்துல சரியாயிடும்" என்றார்.

மாரிமுத்துவின் முகம் சுருங்கியது. இதற்கா இவ்வளவு தூரம் அலையவிட்டார்கள் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. கெம்பம்மா பதறினாள்.

"அவரு தைரியத்துக்குச் சொல்றாருண்ணே. டாக்டர் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாரு."

மாரிமுத்து நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார். காபி வந்ததும் டம்ளரைத் தானே எடுத்து ஆனந்தராஜின் வாயருகே பிடித்தார். இடது கை சும்மாதான் இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பாசத்தைப் பார்த்த கெம்பம்மாவுக்கு வாய் நிற்கவில்லை.

"இனிமே மிஷின்ல நிக்கவே முடியாதாம்!"

"அடடா! கம்பெனிக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்" என்று ஆனந்தராஜ் முனகினார். கட்டுக்குள் கை வியர்த்து அரித்தது.

"கவலைப்படாதீங்க சம்மந்தி. நாங்க எதுக்கு இருக்கோம்? இன்னைக்கே தட்டு மாத்திக்கலாம்!"

சாராக இருந்தவர் சம்மந்தியாகிவிட்டார்! ஆனந்தராஜுக்குக் கண் கலங்கியது. கை போனவன் என்று தெரிந்தும் பெண் எடுக்கிறார்களே, இந்தக் காலத்தில் இப்படியும் மனிதர்களா? இவர்களிடம் போய் நாடகமாடுகிறோமே என்று மனசு குத்தியது.

வெட்கம் தாங்காமல் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அய்யோ தேவரே, விடுய்யா!" என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டபடி கெம்பம்மா பாய்ந்து பிடித்தாள். அவள் ஒரு பக்கம் இழுக்க, அவர் ஒரு பக்கம் இழுக்க, கட்டு மொத்தமும் தரையில் உருண்டது.

"மன்னிச்சுக்குங்க சம்மந்தி. கை பத்திரமா இருக்கு, பாருங்க!" கட்டைவிரலை மடக்கி நீட்டிக் காட்டினார். "ரெண்டே ரெண்டு ஓட்டைதான். ரிட்டயர் ஆக இன்னும் பன்னண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் இதே மிஷின்ல நிப்பேன்!"

மாரிமுத்து தரையைப் பார்த்தார்.

மாரம்மா ஆப்பிள் பையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தம்பியிடம் கேட்டாள்: "ஏன்டா, இவரு கை வெளங்காம போச்சுன்னா அந்த பர்மனென்ட் வேலைய மருமவனுக்குத்தான் தருவாங்கன்னு சொல்லித்தானே என்னைக் கூட்டியாந்த?"