புள்ளி சாரும் கொழுந்தின் ஈரமும்

கேமரன் மலையில் குழப்பத்துக்குப் பஞ்சமே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் பிரிஞ்சாங்கில் காரை நிறுத்த இடம் தேடியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கியா பார்ம் வளைவில் ஸ்ட்ராபெரியைக் கண்டதும் நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்துகிறவர்களும் தங்களால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் தனி ஒரு ஆளாக நின்று, ஒரு தேயிலைத் தொழிற்சாலையை, மேனேஜர் துரை முதல் கேண்டீன் பூனை வரைக்கும் மொத்தமாகக் குழப்பியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் பெயர் புள்ளி. ஞானஸ்நானத்தில் கொடுத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நான் அந்தத் தொழிற்சாலை ஆபிசில் கணக்கு எழுதும் கிராணி. பெண் கிராணி என்பதால் எல்லோரும் கிராணியம்மா என்பார்கள். கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் அம்மா. சரி, சம்பளம் கொடுக்கிறார்களே என்று பொறுத்துக்கொண்டேன்.

பறித்து வந்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்று விட்டு வாட்டுவார்கள். ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து விசிறியைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இதை இயந்திரத்திடம் விடலாம் என்று தலைமை ஆபிசுக்கு ஆசை வந்தது. ரெடிமேட் இயந்திரம் வாங்கினால், ஒரு சின்ன மாற்றத்துக்கும் கோலாலம்பூரிலிருந்து ஆள் மலையேறி வர வேண்டும். அப்போதுதான் பக்கத்து ஊரான கோலா தெர்லாவின் லாரி டிரைவர் ஒருவரின் மகன், கோலாலம்பூர் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். நான் சொன்ன புள்ளி அவர்தான்.

"மெஷினுக்குள்ள ஒரு குட்டி மொழி வச்சிடுறேன் சார். ஃபேக்டரி ஆளுங்களே நாலு வரி எழுதினா போதும், விசிறி அதுபடி ஓடும்" என்றார் துரையிடம்.

நம் துரை வெள்ளைக்காரர் இல்லை. ஈப்போவில் பிறந்த தமிழர். ஆனாலும் துரை துரைதான். "செஞ்சு காட்டு. தலைமை ஆபிஸ்லருந்து வந்து பாப்பாங்க. ஓடுச்சுன்னா உனக்கு நிரந்தர வேலை. ஓடலேன்னா சலாம்" என்று சொல்லிவிட்டார். ஓடாவிட்டால் சிங்கப்பூரில் ஒரு கம்பெனி வேலை காத்திருக்கிறது என்பதும், மலையை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை என்பதும் எஸ்டேட் முழுக்கத் தெரியும்.

கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு ஆள் அந்த மொழியைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்றார் புள்ளி. ஆபிஸ் மொத்தமும் என்னைக் கை காட்டியது. அதற்கு நான் இன்னும் யாரையும் மன்னிக்கவில்லை.

முதல் பாடம் இப்படி நடந்தது.

"கிராணியம்மா, ஒவ்வொரு பொருளுக்கும் குணம் இருக்கு. நடுவுல ஒரு புள்ளி வச்சுக் கேட்டா சொல்லும். விசிறி புள்ளி வேகம்னு எழுதுங்க."

எழுதினேன். திரையில் ஒரு எண் வந்தது.

"இப்ப விசிறி புள்ளி நிறம்னு கேளுங்க."

"நிறமெல்லாம் வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"இல்லாததை ஏன் கேக்கச் சொல்றீங்க?"

"அதான் கேள்வியே!" என்று எழுந்து நின்றுவிட்டார். "இல்லாததைக் கேட்டா அது என்ன பண்ணணும்? அமைதியா 'இல்லை'ன்னு சொல்லணுமா? தப்புன்னு கத்தணுமா? இல்ல, கேட்ட உடனே ஒரு நிறத்தை உண்டாக்கிக்கணுமா?"

எனக்குத் தலை வலித்தது. நான் மாத்திரை போட்டுக்கொண்டேன். அவர் கேண்டீனுக்குப் போனார்.

எங்கள் கேண்டீன் ராணியக்காவிடம் ரொட்டி சானாய் உண்டு, நாசி லெமாக் உண்டு. மசால் தோசை மட்டும் கிடையாது, ஒருநாளும் இருந்ததில்லை. இவர் போய், "அக்கா, மசால் தோசை இருக்கா?" என்றார். "இல்ல தம்பி" என்றார் அக்கா அன்பாக. மறுநாளும் போய்க் கேட்டார். அதற்கு மறுநாளும். கடைசியில் அக்கா கரண்டியோடு வெளியே வந்து, "இல்லேன்னா இல்ல லா! தமிழ்லதானே சொல்றேன்!" என்று கத்தியது தேயிலைக் காட்டில் இருந்தவர்களுக்கும் கேட்டது. ஆனால் ராணியக்காவுக்கு இளகிய மனசு. பாவம், பிள்ளைக்கு என்ன ஆசையோ என்று அடுத்த வாரம் உருளைக்கிழங்கு அவித்து ஒரு மசால் தோசை சுட்டே கொடுத்துவிட்டார்.

இவர் கையில் தட்டோடு ஆபிசுக்குள் ஓடி வந்தார். "கிராணியம்மா, மூணையும் பண்ணிட்டாங்க! இப்ப எது சரின்னு எனக்கே தெரியல!" பாதித் தோசையை எனக்குக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வாயில் புள்ளி இல்லாமல் வார்த்தையே வரவில்லை. காலையில் வந்ததும், "துரை புள்ளி கோபம் எவ்வளவு?" என்பார். மழை பெய்தால், "வானம் புள்ளி கதவை யாராச்சும் மூடுங்க" என்பார். இப்படித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. வியாதி மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. வாட்டும் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் சவரி அண்ணன் ஒருநாள் என்னிடம் வந்து, "எம் பொண்டாட்டி புள்ளி மூஞ்சி இன்னிக்குச் சரியில்லம்மா, சீக்கிரம் வீட்டுக்குப் போவணும்" என்று லீவு கேட்டார்.

பிறகு புள்ளி சார் இன்னொரு வேலை ஆரம்பித்தார். சில குணங்களை நாம் மாற்றலாம், சிலவற்றைப் பார்க்க மட்டும்தான் முடியும் என்றார். விசிறியின் வேகத்தை மாற்றலாம், வெளியே பெய்யும் மழையை மாற்ற முடியாது. இது எனக்கே புரிந்தது. அத்தோடு விட்டாரா? 'படிக்க மட்டும்' என்று மஞ்சள் சீட்டு எழுதி, சுவர்க் கடிகாரத்தில் ஒட்டினார், காலண்டரில் ஒட்டினார், துரை அறைக் கதவில் ஒட்டினார். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்த சவரி அண்ணனின் நெற்றியிலும் ஒட்டினார். அண்ணன் அதோடு வீட்டுக்குப் போய், அங்கே பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அவருக்கு ஒரு பெரிய விதி இருந்தது. "கேட்டா எதுவும் மாறக்கூடாது கிராணியம்மா. நான் ஈரம் எவ்வளவுன்னு கேக்குறேன். கேட்டதுக்காக ஈரம் மாறிடுச்சுன்னா, அப்புறம் யாரு நிம்மதியா எதைக் கேப்பாங்க?"

இதுவும் எனக்குப் புரிந்ததாகத்தான் தலையாட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது புள்ளி பங்குச் சாமியாரைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபாதர், ஜெபம்னா கேக்குறதா, மாத்துறதா?"

"புரியலையே தம்பி."

"கேட்டா மாறக்கூடாது ஃபாதர். மாறிடுச்சுன்னா அது கேக்குறது இல்ல. அப்ப நாம இத்தனை வருஷமா என்ன பண்றோம்?"

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "மொதல்ல பிஸ்கட் எடுத்துக்கங்க தம்பி" என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் வழக்கத்தைவிடச் சுருக்கமாக முடிந்தது. ஊரே சந்தோஷப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மனுஷன் சிங்கப்பூர் போய்விடக்கூடாதே என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. தலைவலி மாத்திரை தீர்ந்தாலும் பரவாயில்லை, இங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவரிடம் சொன்னேனா? நான் ஏன் சொல்ல வேண்டும்? அவர் கேட்டாரா? உலகத்தில் இருக்கிற அத்தனையையும் புள்ளி வைத்துக் கேட்டார், இதை மட்டும் கேட்கவில்லை.

பரீட்சை நாள் நெருங்கியபோது துரைக்குச் சந்தேகம் வந்தது. புள்ளியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"என்ன இது, கொழுந்து புள்ளி ஈரம், படிக்க மட்டும்?"

"தொட்டிக்குள்ள ஒரு கம்பி இருக்கு சார். ஈரம் கேட்டா அது பாத்துச் சொல்லும். நம்ம அதுல எழுத முடியாது."

"நம்மன்னா? நானுமா?"

"நீங்களும்தான் சார்."

"நான் மேனேஜர் லா! இந்த ஃபேக்டரில நான் எழுத முடியாதது ஒண்ணு இருக்கா?"

இல்லை. அதுதான் எங்கள் எஸ்டேட் வழக்கம். கொழுந்து வாடிவிட்டது என்று துரை சொன்னால் வாடிவிட்டது. இன்று மழை இல்லை என்று துரை சொன்னால், குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நான் 'மழை இல்லை' என்று எழுதுவேன். யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். புள்ளி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், ஈரத்தில் துரையும் எழுதும்படி திறந்துவிட்டார். "துரை எழுதினா மெஷின் அதையே வச்சுக்கும் கிராணியம்மா. மறுபடி போய்ப் பாக்காது" என்றார், காய்ச்சல்காரர் குரலில்.

பரீட்சை அன்று காலை தலைமை ஆபிசிலிருந்து ஒரு மேடமும் கூட இரண்டு பேரும் வந்தார்கள். நான்தான் முதலில் எழுதிக் காட்டினேன். விசிறியின் வேகத்தைக் குறைத்தேன், குறைந்தது. கூட்டினேன், கூடியது. மேடம் கைதட்டினார். புள்ளி என்னைப் பார்த்துச் சிரித்தார். மாதாவே, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"தள்ளும்மா, நான் காட்டுறேன்" என்று வந்து உட்கார்ந்தார் துரை. அப்போது திரையில் ஈரம் எழுபத்தாறு; அறுபதுக்கு இறங்கினால் விசிறி தானாக நிற்கும். அதை அறுபதாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கொழுந்து புள்ளி ஈரம் சமம் அறுபது என்று ஒற்றை விரலால் தட்டினார்.

அத்தனை விசிறியும் நின்றன. கூரைத் தகரத்தில் தூறல் விழும் சத்தத்தை அந்தக் கூடத்தில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"ஏன் நின்னுச்சு?" என்றார் துரை.

"வேலை முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு நின்னுடுச்சு சார்."

"ஈரத்தை அறுபதுக்குக் கொண்டு வரத்தானே சொன்னேன்!"

"கொண்டு வரச் சொல்லல சார். இப்ப ஈரம் அறுபதுன்னு சொன்னீங்க. அது நம்பிடுச்சு."

மேடம் திரையைப் பார்த்தார். அறுபது என்றிருந்தது. சவரி அண்ணன் கொழுந்துக்குள் கையை விட்டுப் பார்த்து, "மேடம், ஈரத்துணி மாதிரி இருக்கு" என்றார்.

"அப்ப எதுதான் உண்மை?" என்றார் மேடம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துரை சொன்னது பொய் என்று இதுவரை யாரும் அந்தத் தொழிற்சாலையில் சொன்னதில்லை. "ரெண்டும் உண்மைதான் மேடம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு, முகம் கொடுத்துப் பேசாமல் கிளம்பினார்கள்.

மறுநாள் புள்ளி யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு தானா ராத்தா பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார். அதே நேரம் துரை என்னைக் கூப்பிட்டுத் தலைமை ஆபிசுக்கு ரிப்போர்ட் சொல்ல ஆரம்பித்தார். "இயந்திரம் நின்றதற்குக் காரணம்..." என்றார். நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார். "காரணம்..." என்றார் மறுபடி. எப்படி எழுதினாலும், துரை இயந்திரத்திடம் பொய் சொன்னார் என்றுதான் வந்தது. "அலாமாக்! போய் அவனைக் கூட்டிட்டு வாம்மா. சரி பண்ணிட்டு மறுபடி காட்டுவோம்" என்றார்.

சவரி அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. புள்ளி பெஞ்சில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துரை கூப்பிடுகிறார் என்று உடனே சொல்லியிருக்கலாம். எனக்கு வந்த கோபத்தில் சொல்லவில்லை.

"போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீங்க 'போங்க'ன்னுதான் சொல்லுவீங்க."

"யார் சொன்னா அப்படி?"

பையைப் பெஞ்சில் வைத்தார். "யாரும் சொல்லல. நானே எழுதி வச்சுக்கிட்டேன்."

"அப்ப அந்த மெஷினுக்கும் உங்களுக்கும் என்னலா வித்தியாசம்? எழுதி வச்சதை நம்பிக்கிட்டு, வந்து பாக்காமயே நின்னுட்டீங்க!"

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். சவரி அண்ணன் மலையின் அழகைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப... கேக்கலாமா?" என்றார் புள்ளி.

"கேட்டா எதுவும் மாறாதுன்னு நீங்கதானே ரூல் போட்டீங்க? கேளுங்க."

கேட்டார். "போகாதீங்க" என்றேன். பஸ் அவர் இல்லாமல் போனது. அப்புறம்தான் துரை கூப்பிட்ட விஷயத்தைச் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

ஈரத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று 'வேண்டியது'; அதில் துரை இஷ்டத்துக்கு எழுதலாம். இன்னொன்று 'இருப்பது', அதில் யாரும் எழுத முடியாது, ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்ப் பார்த்துத்தான் சொல்லும். இரண்டாம் பரீட்சையில் விசிறிகள் கடைசி வரை நிற்காமல் ஓடின. அவருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. இந்த யோசனை தன்னுடையது என்று துரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எழுதச் சொன்னால் எழுதிவிட்டுப் போகிறேன்.

இப்போது கல்யாணமாகி நாங்கள் பிரிஞ்சாங்கில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். கீழே காய்கறி லாரிகள் இரைச்சல், மேலே இவர். தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "சந்தோஷமா இருக்கியா?"

"நேத்துதானே சொன்னேன்."

"அது நேத்து."

அன்று முழுக்க எனக்கு எத்தனை எரிச்சல் இருந்திருந்தாலும், அவர் கேட்டதும் அது எங்கேயோ போய்விடுகிறது. கேட்டால் எதுவும் மாறாது என்ற அவர் விதி தப்பு. இதை மட்டும் நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.