‘முடியாது’ சொல்ல ஓர் ஆள்

"ஒரு நாய்க்கூண்டுதானே அண்ணே! நாலு பலகை, எட்டு ஆணி. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிருங்க" என்றார் எதிர்க்கடைத் தையல்காரர்.

"ஆகட்டும்" என்றார் மரப்பட்டறைக்காரர்.

சொல்லி வாய் மூடவில்லை, கண் தானாகச் சுவர்ப்பக்கம் போயிற்று. சுவரில் தொங்கிய கரும்பலகையில் ஏற்கெனவே அறுபத்து மூன்று வேலைகள் வரிசை எண்ணோடு எழுதப்பட்டிருந்தன. நாய்க்கூண்டு அறுபத்து நாலு. எதுவும் முடிந்தபாடில்லை. காலில்லாத மேஜை ஒரு பக்கம், முதுகில்லாத நாற்காலி ஒரு பக்கம், நடுவே மரத்தூள் மூடிய தலையோடு அவர்.

கைவேலை சுத்தம். இழைப்புளி பிடித்தால் பலகை கண்ணாடியாகிவிடும். ஆனால் எதிரே நின்று ஒருவர் கேட்டுவிட்டால், மறுக்க மட்டும் நாக்கு புரளாது. அதனால் தெருவில் அவருக்குப் பெயரே ‘ஆகட்டும்’. "ஆகட்டும் கடையில குடுத்திருக்கேன்" என்று யாராவது சொன்னால், கேட்டவர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

பட்டறைக் கட்டடம் மனைவியின் அண்ணனுடையது. மச்சான் புதிதாகக் கார் வாங்கியிருந்தார்.

"மாப்ளே, இந்த மாசக் கடைசிக்குள்ள பெரிய ஆர்டர் ஒண்ணைக் கையெழுத்தோட காட்டுங்க. பட்டறை உங்களுக்கே. இல்லேன்னா என் காருக்கு இடத்தை விடுங்க. அந்தக் காராவது போன வேலையை முடிச்சிட்டு நேரத்துக்குத் திரும்பி வரும்."

"ஆகட்டும் மச்சான்" என்றார் இவர், வேறு வழியில்லாமல்.

அன்று சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "ஏங்க, மூட்டை தூக்க ஆள் வைக்கறாங்க, கடுதாசி எழுத ஆள் வைக்கறாங்க. உங்களுக்கு ‘முடியாது’ன்னு சொல்ல வரலைன்னா, அந்த வேலையை வெளியில குடுக்க வேண்டியதுதானே?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

சிறு கடைகளுக்கு வரும் போன்களை எடுத்துப் பதில் சொல்லித் தரும் அலுவலகம் ஒன்று ஊரின் மறுகோடியில் இருந்தது. அதற்கு அவர் முத்து முத்தாக ஒரு கடிதம் எழுதினார். தன் செல்போனுக்கு வரும் அழைப்புகளையெல்லாம் அங்கே திருப்பிவிடுவதாகவும், யார் எது கேட்டாலும் மரியாதை குறையாமல் ‘முடியாது’ என்று சொல்லவேண்டும் என்றும், அன்றன்று சொன்ன முடியாதுகளை மாலையில் பட்டியலாகத் தனக்குச் செய்தி அனுப்பவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அடியில், சும்மா இருக்கட்டுமே என்று ஒரு வரி சேர்த்தார்: ‘ஆறு மாத அவகாசமும், மரத்தை நானே தேர்ந்தெடுக்கும் உரிமையும் தருகிறவர் உலகத்தில் யாராவது இருந்தால், அவருக்கு மட்டும் சம்மதம் சொல்லலாம்.’

பட்டறையின் அரைக்கதவைச் சாத்தி, ‘எதுவானாலும் போனில் மட்டும்’ என்று அட்டை மாட்டினார்.

முதல் மாலை பட்டியல் வந்தது. பதினாலு முடியாது. தையல்காரரின் நாய்க்கூண்டில் ஜன்னல் சேர்ப்பது, முடியாது. பள்ளிக்கூடத்துக்கு இலவசமாக ஒரு மேடை, முடியாது. படிக்கப் படிக்க அவருக்குக் காதுக்குள் தென்றல் அடித்தது. நான்கே நாளில் ஒன்பது பழைய வேலைகளை முடித்துக் கரும்பலகையில் அழித்தார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனால், மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்.

"குழாய் உடைஞ்சுபோச்சு, வாங்கன்னு போன் பண்ணினேன். ‘மன்னிக்கணும், இப்போதைக்கு முடியாது’ன்னா ஒருத்தி. மூணு தடவை! யாருங்க அவ?"

"நீதானே ஆள் வைக்கச் சொன்னே?"

"என்கிட்டயே முடியாதுன்னு சொல்லவா வைக்கச் சொன்னேன்?"

அவர் ஈரக் காலோடு உட்கார்ந்து இரண்டாவது கடிதம் எழுதினார்: ‘என் மனைவி எது கேட்டாலும் சரி என்று சொல்லவும்.’

அந்த வரியை அவர் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். பெருமைக்கு அவளிடமும் படித்துக் காட்டிவிட்டார். மறுநாள் பட்டியலில் ஆறு வருஷமாகக் கதவில்லாமல் நிற்கும் சமையலறை அலமாரிக்குக் கதவு, சரி. அவள் தங்கைக்குக் கட்டில், சரி. சேதி தெரிந்த அக்கம்பக்கத்தார் அவள் வழியாகக் கேட்ட ஊஞ்சல், ஏணி, புத்தக அலமாரி எல்லாம் சரி, சரி, சரி. ‘நாளை முதல் ஐந்து மணிக்கு வீடு திரும்புதல், சரி.’

அழித்த ஒன்பதுக்குப் பதினாறு ஏறியது.

அவர் கோபமாக மூன்றாவது கடிதம் எழுதினார். ‘இரண்டாவது கடிதம் ரத்து. முதல் கடிதமே செல்லும். இனி நானே போன் செய்து கெஞ்சினாலும் அழுதாலும் இதை மாற்றவே கூடாது.’ அடியில் இரண்டு கோடு போட்டார்.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த நாள் மாலைப் பட்டியலில் ஏழாவது வரி இப்படி இருந்தது: ‘பெரிய ஆஸ்பத்திரி. நோயாளிகளின் கட்டிலருகே வைக்க நாற்பது அலமாரிகள். இருபது நாளில் வேண்டுமாம். முடியாது என்றேன்.’

பட்டறைக்காரர் காலில்லாத மேஜை மேல் உட்காரப் போய், மேஜையோடு தரைக்கு வந்தார். எழுந்து போன் போட்டார்.

"அம்மா, ஆஸ்பத்திரிக்கு உடனே சரின்னு சொல்லுங்க! என் பட்டறையே அதுலதான் இருக்கு!"

"முடியாதுங்க ஐயா. உங்க மூணாவது கடிதம், கடைசி வரி."

"அதை எழுதினதே நான்தாம்மா! நான்தான் மாத்தச் சொல்றேன்."

"நீங்க கெஞ்சினாலும் மாத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. இப்ப கெஞ்சுறீங்க."

"நான் கெஞ்சலை!"

"அப்ப அழுறீங்களா? அதுவும் எழுதியிருக்குங்க."

அந்தம்மாளின் குரலில் மரியாதை துளிகூடக் குறையவில்லை.

மறுநாள் பட்டியலில் குறித்திருந்த ஆஸ்பத்திரி எண்ணுக்கே போன் போட்டுப் பார்த்தார். லைன் கிடைக்கவில்லை. அந்தம்மாளுக்குப் போட்டார். அங்கேயும் லைன் கிடைக்கவில்லை. மாலைவரை இரண்டும் அப்படியே. நேரிலேயே போய்க் காலில் விழுந்துவிடலாம் என்று சட்டையில் ஒரு கையை நுழைத்தபோது பட்டியல் வந்தது.

‘ஆஸ்பத்திரி மறுபடியும். இரண்டு மாதம் தருகிறார்களாம். முடியாது என்றேன்.’

அவர் ஒரு கையில் சட்டையோடு அப்படியே நின்றார். இருபது நாள், இரண்டு மாதம் ஆகிவிட்டதா? சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அடுத்த நாள்: ‘நாலு மாதமாம். முடியாது என்றேன்.’

அன்றைக்கு மச்சான் அளவு நாடாவோடு வந்து, அரைக்கதவைத் தாண்டி நுழைந்து, பட்டறையின் நீளத்தை அளந்தார். "கண்ணாடி இடிக்காம கார் திரும்பிரும் மாப்ளே" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த நாள் வந்தது நீளமான வரி: ‘பத்து வருஷத்துக்கு முன் நீங்கள் செய்துகொடுத்த அலமாரி ஒன்று அங்கே இருக்கிறதாம். இன்றும் ஒரு விரலால் இழுத்தால் இழுப்பறை திறக்கிறதாம். வேறு ஆளிடம் போகவே மாட்டார்களாம். நாற்பது வேண்டாம், எண்பதாகத் தருகிறார்களாம். முடியாது என்றேன்.’

அவர் அதை நாலு தடவை படித்தார். தன் வேலையைப் பற்றி இப்படி ஒரு சொல் அவர் காதில் விழுந்து எத்தனையோ காலமாயிற்று. பிறகு இழைப்புளியை எடுத்தார். பலகை நேராக வந்தது.

அதற்கடுத்த மாலை ஏனோ பட்டியலே வரவில்லை. மாசக் கடைசி நாள் காலையில் மச்சான் காரையே கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

"ஆர்டர் ஏதாவது வந்துச்சா? வரலையே! மத்தியானத்துக்குள்ள சாமானை எல்லாம் எடுத்துருங்க மாப்ளே."

அவர் வாய் பழக்கத்தில் "ஆ..." என்று திறந்தது. ஆனால் இரண்டு வாரமாகத் தினமும் படித்த பட்டியல் உள்ளே எங்கேயோ ஊறியிருந்தது.

"மன்னிக்கணும் மச்சான்" என்றார், அந்தம்மாளின் அதே மரியாதையோடு. "இப்போதைக்கு முடியாது."

மச்சான் திரும்பி, தனக்குப் பின்னால் வேறு யாரிடமாவது சொல்கிறாரா என்று பார்த்தார். பின்னால் கூரியர்காரர்தான் நின்றிருந்தார், உறையை நீட்டிக்கொண்டு.

எண்பது அலமாரிகள். ஆறு மாத அவகாசம். மரம் அவர் விருப்பம். கீழே ஆஸ்பத்திரி நிர்வாகியின் கையெழுத்தும் முத்திரையும்.

மச்சான் இரண்டு தரம் படித்தார். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். குரல் தன்னால் இறங்கியது. "சரிதான் மாப்ளே, பட்டறை உங்களுக்கே. அப்புறம்... நம்ம வீட்டுக்குச் செருப்பு வைக்க ஒரு சின்ன ஸ்டாண்டு..."

"போன்ல கேளுங்க மச்சான்."

கார் பின்னாலேயே உருண்டு தெருவுக்குப் போயிற்று. தையல்காரர் கடையிலிருந்து எட்டிப் பார்த்துக் கைதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாகச் சமையலறை அலமாரிக்குக் கதவு மாட்டினார். மனைவி அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, "உள்ளே வைக்க ஒண்ணுமே இல்லையேங்க" என்று சிரித்தாள்.

மறுநாள் தேக்கில் ஒரு பேனா ஸ்டாண்டு இழைத்து எடுத்துக்கொண்டு, அந்தம்மாளுக்கு நேரில் நன்றி சொல்லக் கிளம்பினார்.

அலுவலகம் என்றால் ஒரே அறை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒரே மேஜை. அதன் இடது பக்கம் கறுப்பு போன், வலது பக்கம் சிவப்பு போன். கறுப்புக்கு மேலே சுவரில் அவருடைய மூன்று கடிதங்களும் ஒட்டியிருந்தன. சிவப்புக்கு மேலேயும் ஏதோ ஒரு கடிதம். நடுவே, கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, ஓர் அம்மாள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"மெதுவா பேசுங்க சார்" என்றார் வாசல் காவலாளி. "அவங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு."

"அடடா, ரொம்ப வேலையோ?"

"பின்னே? அந்தக் கறுப்பு போன் யாரோ மரப்பட்டறைக்காரராம், எதுக்கும் சம்மதிக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காரு. சிவப்பு போன் ஆஸ்பத்திரி, அந்தாளைச் சம்மதிக்க வைக்காம விடவே கூடாதுன்னு அவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. ஒரு வாரமா ரெண்டு காதுலயும் ரெண்டு போனை வச்சுக்கிட்டு, தன்கிட்டயே கெஞ்சி, தானே மாட்டேன்னு சொல்லி, கடைசியில தானே மனசு இறங்கிட்டாங்க சார்!"