பிரேக்குக்கு வைத்த பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு, "தாயே, இன்றைக்கு எழுதிவிடட்டுமா?" என்று கேட்பேன். அவள் பதில் சொல்வதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். சாமி விஷயத்தைச் சிரிப்பாக எழுதினால் குற்றம் ஆகிவிடுமோ என்று ஒரு பக்கம் பயம். ஆரணியில் இந்தக் கதை தெரியாத மிச்சம் பேருக்கும் தெரிந்துவிடுமே என்று இன்னொரு பக்கம் வெட்கம். (வெட்கம்தான் பெரியது. சாமி மன்னிக்கும். எங்கள் தெரு மன்னிக்காது.)

நான் பத்தாவது வரை படித்தவள். என் வீட்டுக்காரருக்குச் சின்னதாக ஒரு பட்டுப் புடவைக் கடை. சமையலுக்கும் கடைக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் போனில் கட்டுரை தட்டி, ஒரு பக்தி இணைய இதழுக்கு அனுப்புவேன். பிரதோஷத்துக்குக் கூட்டத்தில் நசுங்கியது, சுண்டலில் உப்பு மறந்தது, பஸ்ஸில் அம்மன் அருளால் ஜன்னலோர இடம் கிடைத்தது, இப்படி. ஒருநாள் அந்த இதழின் ஆசிரியர் அம்மா போன் செய்தார்.

"உங்க கட்டுரை எல்லாம் பூஜை ரூம்ல ஆரம்பிச்சு சமையல்கட்டுல முடியுதும்மா. கொஞ்சம் வெளியே வாங்க. பயணம் போங்க. புதுசா ஏதாவது செஞ்சு பார்த்து எழுதுங்க. நல்லா வந்தா மாசாமாசம் உங்களுக்குன்னு ஒரு பகுதி கொடுத்துடறேன்."

உங்களுக்குன்னு ஒரு பகுதி. கடைப் பலகையில் வீட்டுக்காரர் பெயர். வாசல் கல்லில் மாமனார் பெயர். என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது பத்தாவது ஹால் டிக்கெட்டோடு சரி. அன்றைக்கு ரசத்தில் புளியை இரண்டு முறை கரைத்து ஊற்றினேன்.

அந்த வாரமே என் தம்பி முரளி சென்னையிலிருந்து வந்தான். கம்ப்யூட்டர் வேலை. ஆனால் அவன் உயிர் இருப்பது சைக்கிளில். காருக்குப் பின்னால் ஒரு புது சைக்கிளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தான். மலையில் ஓட்டுவதற்கென்றே செய்ததாம். திங்கட்கிழமை நண்பர்களோடு ஜவ்வாது மலைக்குப் போய், உச்சியிலிருந்து காட்டுப் பாதையில் இறங்கப் போகிறானாம். (மலை என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறத்தான் எனக்குத் தெரியும்.)

"முரளி, இத்த நான் ஓட்டிப் பாத்து எழுதட்டாடா?" என்றேன்.

சோபாவில் படுத்திருந்த வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "போளூர் பஸ்ல ஏறினாலே எலுமிச்சம்பழத்த மோந்துகினு வர்றவ நீ. மலைல ஓட்டப் போறியா?"

"ஸ்கூலுக்கு சைக்கிள்லதாங்க போனேன்."

"அது ஸ்கூலு. மேடு இல்ல, பள்ளம் இல்ல. இறங்கினா வாத்தியாருதான் அடிப்பாரு."

முரளிக்கு என்மேல் பாசம். தேவிகாபுரம் மலைக்கோயிலுக்குப் போகலாம், சாமி கும்பிட்டுவிட்டு, மலைக்குப் பின்புறம் இருக்கும் செம்மண் சரிவில் நான் கொஞ்ச தூரம் இறங்கலாம், அவன் போட்டோ எடுப்பான் என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குளித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். சைக்கிள் காருக்குப் பின்னால் தொங்குகிறது. புது வண்டி. பூஜை போடவில்லை. என் தம்பி மலையுச்சியிலிருந்து இறங்கப் போகிற வண்டி. மனசு கேட்குமா? சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாமென்றால் சக்கரம் அந்தரத்தில் இருந்தது. பழத்தை நூலில் கோர்த்து ஹேண்டில்பாரில் கட்டினேன். சீட்டுக்குச் சந்தனம், குங்குமம். பெடலுக்குச் சந்தனம், குங்குமம். பிறகு பார்க்கிறேன், முன் சக்கரத்தின் நடுவில் ஒன்று, பின் சக்கரத்தின் நடுவில் ஒன்று, வெள்ளித் தட்டு போல வட்டமாகப் பளபளவென்று இருக்கிறது. பொட்டு வைக்கவென்றே இடம் விட்டுச் செய்திருக்கிறானே, எந்தப் புண்ணியவானோ என்று உருகிப் போனேன்.

அந்த இடத்துக்கு வெறும் குங்குமம் போதாது என்று தோன்றியது. ஆஞ்சநேயர் சன்னதியில் வாங்கி வைத்திருந்த செந்தூரத்தை எடுத்தேன். எண்ணெயில் குழைத்த செந்தூரம். இரண்டு தட்டுக்கும் இரண்டு பக்கமும், விரல் நிறைய, தாராளமாக வைத்தேன். "அப்பா, என் தம்பிக்கு ஒண்ணும் ஆவக்கூடாது" என்று வேண்டிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சாமி கும்பிட்டு, நாஸ்தா முடித்து, சரிவுக்குப் போனோம். முரளி சைக்கிளை மேலே வரை தள்ளிக்கொண்டே வந்தான். நான் என் மகளின் மஞ்சள் சுடிதாரில் இருந்தேன். அவனுடைய சிவப்பு ஹெல்மெட் என் கொண்டைக்கு மேல் உட்கார மறுத்தது. கொண்டையை அவிழ்த்துத் தொங்கவிட்டேன்.

"அக்கா, ரெண்டு பிரேக்கையும் சேத்து மெதுவா புடி. அவ்ளோதான். சட்டுன்னு புடிச்சா குப்புற கவுத்துடும், ஜாக்கிரத."

"எனக்கே சொல்லித் தரியா? போட்டோல வயிறு தெரியாம எடு."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சரிவுக்குக் கீழே புங்கமரத்தடியில் பெரணமல்லூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று தார்ப்பாய் விரித்துப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டுப் பெண் பவித்ராவுக்குத் தேசூரில் ஒரு மாப்பிள்ளை. பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது, அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. பெரியப்பாவுக்குத்தான் என்னவோ தடை இருப்பதாக மனசில் படுகிறது. அப்பா இல்லாத பெண், பெரியப்பா வாக்குத்தான் முடிவு. அன்று கோயிலில் பூ கட்டிப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். சிவப்புப் பூ வந்தால் சம்மதம். சிவப்புதான் வந்தது. பொட்டலம் முன்னாலேயே பிரிந்திருந்தது, செல்லாது என்றுவிட்டார் பெரியப்பா. "இந்தச் சம்பந்தமே வேணாம், விடுங்க. அம்மனே நேர்ல வந்து சொன்னா அப்பால பாக்கலாம்."

அந்த நேரத்தில்தான் நான் மேலே பெடலில் கால் வைத்தேன்.

முதல் கொஞ்ச தூரம் சொர்க்கம். காற்று முகத்தில் அடித்தது. கட்டுரைக்கு முதல் வரிகூடத் தோன்றிவிட்டது. வேகம் கூடியதும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, சொன்னபடி மெதுவாகப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அழுத்திப் பிடித்தேன். "கீய்ய்ய்ங்" என்று மலையே அலறுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. வேகம் குறையவில்லை. சைக்கிள் என்னைக் கேட்காமல் தேவிகாபுரத்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டது.

"தாயே! தாயே! வழி வுடுங்க! வழி வுடுங்க!" என்று கத்தினேன்.

பொங்கல் பானைக்கும் பெரியப்பாவுக்கும் நடுவே ஒரு முழ இடம் இருந்தது. அதில் புகுந்தேன். தார்ப்பாயைத் தாண்டினேன். அப்பால் இருந்த வைக்கோல் போரில் தலையோடு நுழைந்தேன்.

வெளியே வந்தபோது என் கோலத்தை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் உடை. விரித்த தலைமுடி. தலையில் கிரீடம் மாதிரி சிவப்பு ஹெல்மெட். நெற்றிக் குங்குமம் வியர்வையில் முகமெல்லாம் வழிகிறது. கழன்று வந்த எலுமிச்சம்பழம் கையில் இருக்கிறது. (அதை எப்போது பிடித்தேன் என்று இன்றுவரை தெரியாது.) பயத்தில் உடம்பு தலையிலிருந்து கால்வரை ஆடுகிறது.

பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டினார். "கற்பூரம் ஏத்துங்கடி! ஜல்தி!"

யாரோ என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பவித்ராவின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "தாயே, எம் பொண்ணு கல்யாணத்துக்கு எதனா தடை கீதா? நீயே சொல்லும்மா!"

எனக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. மூச்சு வாங்கியது. நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"பிரேக் இல்ல... பிரேக்கே இல்ல..."

பெரியப்பாவுக்குக் கண் கலங்கியது. "கேட்டீங்களா? பிரேக்கே இல்லையாம்! தடையே இல்லன்னு சொல்லிட்டாடா எங்காத்தா!" குலவைச் சத்தம் கிளம்பியது.

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பதறிப் போனேன். "ஐயா, எனக்கு சாமியெல்லாம் வரலீங்க. நான் ஆரணி. புடவைக் கடைக்காரர் சம்சாரம். சைக்கிள்லதாங்க பிரேக் இல்ல."

"எந்தச் சாமி தன்ன சாமின்னு சொல்லிகினு வரும்?" என்றார் அவர்.

மூச்சிரைக்க ஓடி வந்தான் முரளி. "அக்கா! அக்கா! அடி பட்டுச்சா?"

"தம்பி, அம்மன அக்கான்னு கூப்புடாத. தள்ளி நில்லு."

நான் மறுபடியும் விளக்க வாயைத் திறந்தேன். ஒரு கை என் கையைப் பிடித்து அழுத்தியது. பவித்ரா. கற்பூரத் தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டியபடி, உதடு அசையாமல் சொன்னாள்: "அக்கா, உண்மையதான் ரெண்டு தபா சொல்லிட்டீங்களே. யாரு கேட்டாங்க? போதும், புண்ணியமா போவும்."

எலுமிச்சம்பழத்தை அவள் கையில் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் முரளி காரை ஓரமாக நிறுத்தி, சைக்கிளைக் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, இது இன்னா?"

"செந்தூரம்டா."

"பிரேக் டிஸ்க்ல எண்ணெ செந்தூரமா!"

"பளபளன்னு வட்டமா இருந்துதுடா. நெத்தி மாதிரி."

"இத்த ரெண்டு பக்கமும் கவ்விப் புடிச்சாதான் வண்டி நிக்கும். எண்ணெ பட்டா வழுக்கும். நாளைக்கு நான் ஜவ்வாது மலை உச்சில..."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. "பாத்தியா! அதான் ஆஞ்சநேயர் என்னைத் தள்ளி வுட்டு உன்னைக் காப்பாத்திட்டாரு!"

"யாராண்டருந்து?" என்றான் தம்பி. "உன்னாண்டருந்துதான்!"

கட்டுரை எழுதி அனுப்பினேன். "சைக்கிளில் ஏறினேன்" என்று ஒரு பத்தி. அடுத்த பத்தியில் "வீடு வந்து சேர்ந்தேன்." ஆசிரியர் அம்மா போன் செய்தார். "நடுவுல ஒரு பக்கம் காணோமேம்மா?" பவித்ராவின் கல்யாணத்தை நினைத்து நான் பேச்சை மாற்றினேன். அதை அனுப்பினால் பார்ப்போம் என்று அவரும் வைத்துவிட்டார். எனக்கென்று ஒரு பகுதி அப்படியே நின்றுபோனது.

பவித்ரா வீட்டார் கல்யாணப் புடவை எடுக்க எங்கள் கடைக்கே வந்தார்கள். பெரியப்பா என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, முகூர்த்தப் புடவையைத் தொட்டுக் கொடுக்கச் சொன்னார். பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், "அம்மன் உத்தரவு கொடுத்தா பில்லு போட்டுடலாங்களா?" என்றார். அன்று ராத்திரி அவருக்கு உப்புமாதான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் "போகட்டுமா?" என்று கேட்பதில்லை. "அம்மா, காலேஜ் டூர், பிரேக் கீதா?" என்கிறாள் மகள். "பிரேக் இல்ல, போய்ட்டு வா" என்கிறார் அவள் அப்பா. சொந்தத்தில் யார் புது வண்டி வாங்கினாலும் என்னிடம் காட்டுவதற்கு முன்னால் செந்தூர டப்பாவைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

போன வாரம் பவித்ரா போன் செய்தாள். மடியில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. "எழுதுங்கக்கா. பெரியப்பாகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"ஐயோ! இன்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'அந்தப் பிரேக்கப் புடுங்கினது யாருன்னு நெனச்சிகினு கீற? அதுவும் அவதான்'னாரு."

போனை வைத்துவிட்டு, பூஜை அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதுதான் சரியோ என்னவோ. என் படிப்புக்கு அது எட்டாது. அன்று குக்கர் அடுப்பில் இல்லை. வீடு அமைதியாக இருந்தது. காணாமல் போன அந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆசிரியர் அம்மாவுக்கும் இன்றே அனுப்புகிறேன்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுதல். இதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள், ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தேவிகாபுரத்தில் என் கையில் சூலம் இருந்ததாக இப்போதே பேச்சு. பெரணமல்லூரில் சைக்கிளே இல்லையாம், சிங்கமாம். தேசூரில் நான் வைக்கோல் போரிலிருந்து வெளியே வரவேயில்லை, அப்படியே மறைந்துவிட்டேனாம். சூலம் இல்லை, எலுமிச்சம்பழம். சிங்கம் இல்லை, சைக்கிள். நான் மறையவில்லை, ஆரணியில்தான் இருக்கிறேன். இதில் ஒன்றைக் கூட்டாமல், ஒன்றைக் குறைக்காமல் சொல்வதென்றால் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

பிரேக் இல்லை.