ஒன்லைனில் விழுந்த மொய்

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, வாடிக்கையாளரின் சிரமத்தைக் குறைப்பதென்று கொழும்பிலுள்ள ஒரு வங்கியின் தலைமையகம் தீர்மானித்தது. வாடிக்கையாளருக்கு என்ன சிரமம் என்று யாரும் கேட்கவில்லை. போட்டி வங்கிக்காரர்கள் ஒன்லைன் சேவை போட்டுவிட்டார்கள். அது இவர்களுக்குச் சிரமமாக இருந்தது. ஆகவே கோடிக்கணக்கில் கொட்டி இவர்களும் ஒன்று வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் அதை யார் பாவிப்பது என்ற சின்னக் கேள்வி எழுந்தது. "தேயிலைத் தோட்டப்புற மக்கள்" என்றார் ஒரு பணிப்பாளர். அவர் தோட்டப்புறத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார்.

அப்படித்தான் நோர்வூட் கிளைக்குக் கொம்பியூட்டர் வந்தது. இருந்த இரண்டு கவுண்டர்களில் ஒன்றை உடைத்து அந்த இடத்தில் வைத்தார்கள். மேலே ஒரு பதாகை: 'இனி நீங்கள் வங்கிக்கு வரத் தேவையில்லை.' அதை வாசிக்கப் பொகவந்தலாவையிலிருந்தெல்லாம் சனங்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

இன்டர்நெட் போன் லைனில் வந்தது. கிளைக்கு இருந்ததோ ஒரே லைன். போன் அடித்தால் இன்டர்நெட் அறுந்துவிடும். தலைமையகமோ இன்டர்நெட் அறாமல் ஓடுகிறதா என்று விசாரிக்க அடிக்கடி போன் எடுத்தது.

"இப்ப வரைக்கும் நல்லா ஓடினது, சேர்" என்று முகாமையாளர் மகாலிங்கம் ஒவ்வொரு முறையும் பதில் சொல்வார். யாழ்ப்பாணத்துக்காரர். சுற்றறிக்கையில் எழுதியிருந்தால் மழையில் குடையை மடக்கிவிடுவார், அவ்வளவு விசுவாசம்.

அடுத்த சுற்றறிக்கை, எல்லாக் கணக்குகளையும் ஒன்லைனுக்கு மாற்றச் சொன்னது. ஒவ்வொருவருக்கும் இரகசியமாக ஒரு பாஸ்வேர்ட் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் எல்லோரையும் ஒன்றாகப் பிடிக்கக்கூடிய இடம் காலைப் பெரட்டுத்தான். பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அங்கே. மகாலிங்கம் விடியவே ஜீப்பில் போய் இறங்கினார். கணக்கப்பிள்ளை இராமையா வழக்கம்போல ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பாஸ்வேர்டையும் சேர்த்து உரக்க வாசித்தார்.

"மெல்லமா வாசியுங்கோ, இது இரகசியமெல்லோ" என்றார் மகாலிங்கம்.

"மெல்ல வாசிச்சா கடைசி வரிசைக்குக் கேக்காதுங்களே ஐயா."

நியாயமாகத்தான் பட்டது. அன்று காலை தோட்டம் முழுக்க ஒன்லைன் ஆகிவிட்டது. அடுத்த தோட்டத்துக்காரர்கள் தங்களை மட்டும் புறக்கணித்துவிட்டார்கள் என்று கொடி பிடித்தார்கள்.

இதற்கிடையில் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமியின் மகள் நிலக்ஷிக்குக் கலியாணம் வந்தது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். தாலி வாங்கவென்று நாகலெட்சுமி வருடக்கணக்காகச் சேர்த்த காசு இந்த வங்கியில்தான் இருந்தது. புதன்கிழமை கிளைக்கு வந்தாள்.

"என் காசக் குடுங்கய்யா, தாலி எடுக்கணும்."

"நீங்கள் இப்ப ஒன்லைன் வாடிக்கையாளர், அம்மா. கவுண்டரில காசு தரேலாது" என்றார் மகாலிங்கம்.

"அப்ப அந்தப் பெட்டியில எடுத்துக்கிறேங்க."

"அதுக்குள்ள காசு வராது. வேற கணக்குக்கு அனுப்பலாம், அவ்வளவுதான்."

"அனுப்புனா அங்க காசு வருங்களா?"

"அந்தக் கணக்குக்காரரும் ஒன்லைன்தானே."

நாகலெட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப என்னைய ஒன்லைன்லேர்ந்து எடுத்துருங்க."

"அதுக்கு ஒன்லைனில விண்ணப்பிக்க வேணும்."

எழுதுவினைஞர் விஜிதரன் அவளுக்காகக் கொம்பியூட்டரில் உட்கார்ந்தான். விண்ணப்பம் பாதி போயிருக்கும், போன் அடித்தது. தலைமையகம். நோர்வூட் கிளையின் கவுண்டருக்கு இப்போது யாருமே வருவதில்லையாம், பாராட்டினார்கள்.

அடகுப் பகுதியை மட்டும் ஒன்லைனாக்க யாருக்கும் தோன்றவில்லை. நாகலெட்சுமி காதிலிருந்த தோட்டைக் கழற்றி அங்கே வைத்து, கிடைத்த காசில் தாலி வாங்கினாள். தன் காசு உள்ளே சும்மா கிடக்க, அதே வங்கிக்கு வட்டி கட்டுவதற்குக் கையெழுத்தும் போட்டாள். ஆனாலும், மொய் விழுந்தால் திங்கட்கிழமை தோட்டை மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, வங்கிக்காரர்களையும் கலியாணத்துக்கு அழைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் தாலி ஏறியது. மொய்த் தட்டோடு இராமையா உட்கார்ந்தார். முதல் மரியாதை முகாமையாளருக்கு. மகாலிங்கம் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நாங்கள் காலத்தோட போகவேணும். என்ர மொய்யை நான் ஒன்லைனிலயே போட்டிட்டன்."

சட்டைப் பைக்குள் போயிருந்த கைகள் வெறுமனே வெளியே வந்தன.

"எனக்கும் ஒன்லைன்னே போட்டுக்க" என்றார் தோட்டத் தலைவர் செல்லசாமி.

"எவ்வளவுன்னு எழுதட்டுங்க?"

"அது பேங்குக்குத் தெரியும்."

அதன் பிறகு எல்லோரும் நவீனமாகிவிட்டார்கள். வெற்றிலை வாங்கக் காசில்லாதவர்கூட ஆயிரம் ரூபாய் ஒன்லைனில் போட்டார். தட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் வைத்த ஐந்நூறு ரூபாய் மட்டும் கிடந்தது. அவர் இறம்பொடைக்காரர், அங்கே இன்னும் நாகரிகம் போய்ச் சேரவில்லை. நாகலெட்சுமி தட்டைப் பார்த்தாள், வெறுங்காதைத் தடவிக்கொண்டாள், நேரே சமையல் பக்கம் போனாள்.

பந்தி உட்கார்ந்தது. இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள். தாய்மாமன் இலையில் சோறும் சாம்பாரும் விழுந்தன. மற்ற இலைகளைத் தாண்டிச் சோற்று வாளி போய்விட்டது.

"இஞ்ச சோறு வரேல்லை" என்றார் மகாலிங்கம்.

"ஒங்களுக்கெல்லாம் ஒன்லைன்ல அனுப்பிட்டோங்க ஐயா" என்றாள் நாகலெட்சுமி. "இந்நேரம் வீட்டுக்கு வந்திருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை, பசி. முதலில் செல்லசாமி எழுந்தார், பிறகு ஒவ்வொருவராக. மொய்த் தட்டின் முன்னால் வரிசை கோயில் வாசல்வரை நீண்டது. காசு வைத்தவருக்கு உடனே சோறு. அப்படியொரு துரித சேவையை அந்தப் பக்கத்து மக்கள் அதுவரை கண்டதில்லை.

கடைசியாக மகாலிங்கம் வந்தார். சட்டைப் பையில் தேடினார், காற்சட்டைப் பையில் தேடினார், பிறகு இராமையாவின் காதருகே குனிந்தார்.

"என்ர சம்பளமும் அந்தப் பெட்டிக்குள்ளதான் கிடக்குது. மூண்டு மாசமா எடுக்கேலாமல் நிக்கிறன்."

நாகலெட்சுமி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை மணிக்கட்டில் நின்றது.

"கடிகாரம் தங்கமுங்களா ஐயா?"