பட்டன் இருக்குதுங்க

மனிதர்களை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் பிரிக்கிறார்கள். நான் கோயமுத்தூர்க்காரன், டயரை வைத்துப் பிரிக்கிறேன். டயர் தேய்ந்தால் மாற்றுகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நல்லவர்கள், அவ்வளவுதான். நாம் இங்கே பார்க்கப்போவது இன்னொரு வகையை. அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘பட்டன் பார்ப்பவர்’. பட்டன் என்றதும் சட்டையைத் தடவாதீர்கள். டயரின் மேல் கட்டம் கட்டமாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறதே, எங்கள் ஊரில் அதற்குத்தான் அந்தப் பெயர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். வண்டியை நிறுத்தியதும் நேராக வீட்டுக்குள் போகிறவர் இவராக இருக்க முடியாது. இவர் இறங்குவார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார், முழங்கால் துணியைச் சற்று மேலே இழுத்துவிட்டுக்கொண்டு பின் சக்கரத்தின் முன் குந்துவார், கட்டைவிரல் நகத்தை டயரின் பள்ளத்துக்குள் விட்டு அது எவ்வளவு மறைகிறது என்று பார்ப்பார், பிறகு எழுந்து கையைத் தட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்: “பட்டன் இருக்குது.” மேல்முறையீடு கிடையாது. இதற்காகவே அந்த ஒரு நகத்தை மட்டும் வெட்டாமல் வளர்க்கிறவரை எனக்குத் தெரியும்.

அவர் பெயர் கந்தப்பன். பீளமேட்டில் பம்புக்கான உதிரிகள் வார்க்கும் பவுண்டரி வைத்திருக்கிறார். ஆறு வருடங்களுக்கு முன் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். தரையை ஒட்டிக்கொண்டு போகும். விலையைச் சொன்னால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு நீங்கள் பெருமூச்சு விடப் போய்விடுவீர்கள், ஆகையால் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய தொகைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட மனிதர், அதற்கு நான்கு டயர் மாற்ற வேண்டும் என்றால் மட்டும் கண்ணைத் திறந்துகொள்கிறாரே, ஏன்? காரணம் எளிது. கார் வாங்குவது கௌரவம். டயர் வாங்குவது செலவு.

அதோடு அவருக்கு ஒரு பரம்பரைக் கணக்கும் உண்டு. அவருடைய அப்பாவிடம் நான்கு லாரிகள் இருந்தன. லாரி டயர் ஒன்று எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும். தேய்ந்தபின் மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரேடிங் செய்தால் இன்னொரு ஓட்டம் ஓடும். அதுவும் தேய்ந்தால் இன்னொரு தடவை ஒட்டலாம். கடைசியில் அது மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்து கோழி முட்டையிடப் பயன்படும். டயரின் ஆயுள் என்றால் கந்தப்பனுக்கு இதுதான். அவிநாசி ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் பிரான்சிஸிடம் ஒருநாள் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “ஏனுங்க பிரான்சிஸ், இதையும் ஒருக்கா ரீட்ரேடிங் பண்ணிப்போட்டா என்னுங்க?” பிரான்சிஸ் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கடையின் உள்ளே போய், சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

வந்து பொறுமையாக விளக்கினார். இந்தக் காரின் டயர் மெத்தென்ற ரப்பரில் செய்தது. வேகத்தில் ரோட்டை விடாமல் பிடிப்பதற்காக அப்படி. பிடிக்கிற டயர் தேயத்தான் செய்யும். காலைக் கட்டுப்படுத்தி ஓட்டினால் பின் சக்கரங்கள் பதினைந்தாயிரம், மிஞ்சினால் இருபதாயிரம் கிலோமீட்டர் வரும். ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் உள்ளுக்குள் இறுகிப்போகும். ஐந்தாறு வருடத்தில் அது டயர் மாதிரித் தெரியும், டயராக இருக்காது. “பழசானா விசேசம்ங்கறது அரிசிக்குத்தானுங்ண்ணா” என்றார். டயரின் பக்கவாட்டில் சிறிய கட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களையும் காட்டினார். முதல் இரண்டு எத்தனையாவது வாரத்தில் செய்தது என்பது, அடுத்த இரண்டு எந்த வருடம் என்பது. கந்தப்பன் குனிந்து பார்த்தார். கம்பெனிக்காரன் யாவாரத்துக்காகப் போடுவது என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

ஆறு வருடத்தில் அவர் ஓட்டியிருந்தது பதினோராயிரம் கிலோமீட்டர். அவர் கணக்கில் டயர் இன்னும் பாலகன்.

பதினோராயிரத்தோடு நின்றது எப்படி என்கிறீர்களா? டயரைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழி, காரை ஓட்டாமல் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் உறையை உருவி, கருமத்தம்பட்டி வரை போய், ஒரு டீ குடித்து, நாலு பேர் சுற்றி நின்று போட்டோ எடுப்பதைக் கவனிக்காதவர் போல் கவனித்து, வெயில் ஏறும் முன் வீடு திரும்புவார். வேகத்தடையைக் கண்டால் குறுக்குவாட்டில் ஏறி இறங்குவார், பின்னால் வருகிற பேருந்து ஹாரனை அழுத்திக்கொண்டே காத்திருக்கும். வீடு வந்ததும் டயருக்குக் கறுப்புப் பாலிஷ். அது பளபளக்கிற அழகைப் பார்த்தால் உங்களுக்கே சந்தேகம் வராது.

பட்டன் பார்ப்பவரின் இன்னொரு முக்கிய லட்சணம், அவர் கருத்துக் கேட்பார். வேண்டிய பதில் கிடைக்கும் வரை கேட்பார். எங்கள் ஊரில் அது கிடைப்பது கஷ்டமே இல்லை. இங்கே யாரும் யாரையும் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவதில்லை. “பட்டன் இருக்குதுங்களே?” என்று ஒருவர் கேட்டால், “ஆமாங்க, இருக்குதுங்க” என்பதுதான் முறையான பதில். வாட்ச்மேன் அப்படித்தான் சொன்னார். பவுண்டரி மேஸ்திரியும் அதையே சொன்னார். மகளுக்கு ஜாதகம் கொடுக்க வந்த ஒருவர், டீபாயில் டம்ளரை வைத்துவிட்டுப் போர்டிகோ வரை வந்து, குனியாமலே, இருக்குதுங்க என்றார். எல்லோரும் சொல்லிவிட்ட பிறகு பிரான்சிஸ் ஒருவர் பேச்சு எப்படி எடுபடும்?

இப்படியே போயிருந்தால் எனக்கு இதை எழுத வேலை இருந்திருக்காது. புரட்டாசியில் ஒரு நாள் கந்தப்பன் தன் மனைவி புவனாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணாரி அம்மன் கோயிலுக்குப் போனார். திரும்பும்போது சத்தி ரோட்டில் தூறல் பிடித்தது. அன்னூருக்கு முன்னால் ஒரு வளைவில், காரின் முன்பக்கம் கோயமுத்தூருக்கும் பின்பக்கம் யாரோ ஒருவரின் வாழைத்தோப்புக்குமாகத் தனித்தனியே கிளம்பின. ஒரு நொடிதான். எப்படியோ நேராகி நின்றது. புவனா ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் தாலியையும் பிடித்துக்கொண்டிருந்தார். எவனோ ரோட்டில் ஆயிலை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான் என்றார் கந்தப்பன். புவனா அதை நம்பினார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, அந்த முகம் தெரியாத ஆயில்காரனைத் திட்டினார்.

மறுநாள் காலையில் கந்தப்பன் தனியாகப் போய்ப் பின் சக்கரத்தின் முன் குந்தினார். இந்தத் தடவை நகத்தை விடவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நான்கு எண்களைப் படித்தார். பள்ளத்துக்குள் நூல் நூலாக ஓடியிருந்த வெடிப்புகளையும் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், யாரிடமும் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் இரண்டு கோட்டிங்.

ஐப்பசி பிறந்தது. அவர்களுடைய மகள் ஹரிதா பீளமேட்டிலேயே ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நன்றாகக் கார் ஓட்டுவாள். அவளுடைய தோழி மதிவதனிக்கு அடுத்த வாரம் சத்தியமங்கலத்தில் கல்யாணம். காலைப் பலகாரம் சாப்பிடும்போது, சிவப்புக் காரைத் தான் ஓட்டிக்கொண்டு போவதாகவும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும் என்றும் அவள் அப்பாவிடம் கேட்டாள். கந்தப்பன் முதலில் பெட்ரோல் என்றார். அவள் தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். கார் ரொம்பத் தாழ்வு, ரோடு தெரியாது என்றார். போன வருடம் பெங்களூரில் அதைவிடத் தாழ்வான ஒன்றை ஓட்டியிருப்பதாகச் சொன்னாள். ஊர்க் கண் படும் என்றார். அவள் சிரித்தாள். காரணங்கள் தீர்ந்துபோன இடத்தில், இட்லியைப் பிட்டபடியே, கந்தப்பன் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது.

“வேண்டாங் கண்ணு. டயரு சரியில்ல. ஈரத்துல புடிக்காது.”

சட்னி ஊற்ற வந்த புவனாவின் கரண்டி பாதியில் நின்றது.

“ஏனுங்க, போன மாசம் மழையில நான் ஒக்காந்துட்டு வந்தது எந்த டயருங்க?”

கொங்கு நாட்டில் கோபம் ஏற ஏறக் குரல் ஏறாது, ‘ங்க’ ஏறும். அடுத்த நான்கு நாட்கள் அந்த வீட்டில் கந்தப்பனுக்குக் கிடைத்த மரியாதையை நான் என் எதிரிக்கும் விரும்ப மாட்டேன். சாப்பாடு எடுத்து வச்சிருக்குதுங்க. குடை அங்க இருக்குதுங்க. அந்தக் காருல இனி நான் ஏற மாட்டேனுங்க. அவ்வளவுதான் பேச்சு. மனைவியின் உயிர் மலிவு என்று கந்தப்பன் ஒருநாளும் நினைத்ததில்லை, பாவம். நினைத்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் குற்றம். இருபத்தாறு வருடங்களாகப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவளைத் தன் கையில் ஒரு விரலாகவே எண்ணிவிட்டார். மகளைத்தான் இன்னோர் ஆளாகக் கண்டார். அது புரிந்தபோது உண்மையாகவே வெட்கப்பட்டார். ஐந்தாம் நாள் பிரான்சிஸ் கடைக்குப் போய், பேரம் பேசாமல், நான்கும் மாற்றுங்கள் என்றார். பேரம் பேசாததைக் கண்டு பிரான்சிஸ்தான் பயந்துபோய், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தார்.

கல்யாணத்தன்று காலை கார் போர்டிகோவில் நின்றது. புது டயர். கந்தப்பன் தானே ஓட்டுகிற எண்ணத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, புவனாவுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். புவனா ஏறவில்லை. பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு பின் சக்கரத்தின் முன் குனிந்து, கண்ணாடியைப் போட்டு, மகளிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்த அந்த நான்கு எண்களையும் படித்தார். அடுத்த சக்கரத்துக்குப் போய் அதையும் படித்தார். நான்கையும் படித்து முடித்துத்தான் நிமிர்ந்தார்.

“கண்ணு, நீ ஓட்டு” என்றார் மகளிடம். “உங்கப்பா பஸ்ஸுல வருவாருங்க.”

முதலிலேயே சொன்னேனே, அந்தக் காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம்.

கந்தப்பன் காந்திபுரத்துக்குப் போய்ச் சத்தி வண்டிக்காக நின்றார். தனியார் பேருந்து ஒன்று வந்தது. பழக்க தோஷம், ஏறும் முன் பின் சக்கரத்தைப் பார்த்தார். மொட்டை. நகம் விட இடமே இல்லை. கண்டக்டரைக் கூப்பிட்டு, தம்பி, டயரைப் பாருங்க என்றார். கண்டக்டர் குனியக்கூட இல்லை. ஊர் முறைப்படி மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார்.

“பட்டன் இருக்குதுங்க. ஏறுங்க.”

ஏறினார். வேறு என்ன செய்வது? வளைவுகள் வந்தபோது முன் சீட்டின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார் என்று கேள்வி.

சிரித்தாயிற்றா? நல்லது. உங்களிடம் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஆகையால் இது உங்களைப் பற்றியது அல்ல என்ற நிம்மதியில் இருக்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் ஸ்கூட்டரின் பின் டயர் எந்த வருடத்தது? சமையலறையில் அடுப்புக்குப் போகிற அந்த ரப்பர் குழாயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஞாபகம் இல்லை, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? நகத்தை விட்டுப் பார்க்க வேண்டாம். அதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. வண்டிச் சாவியை எடுத்து, மழை பெய்கிற நாளாகப் பார்த்து, உங்கள் மகளிடம் நீட்டிப் பாருங்கள். கை தயங்கினால், மறுபேச்சுப் பேசாமல் பின்னால் ஏறி உட்கார்ந்து பழகியவர் யார் என்று ஒருமுறை யோசியுங்கள். அவர் கேட்பதற்கு முன்னால் யோசிப்பது நல்லது.