அடுத்த மாதத்திலிருந்து கட்டுகிறவர்

கல்விக் கடன் வாங்கிப் படித்து முடித்தவர்களில் ‘அடுத்த மாதக்காரர்’ என்று ஓர் இனம் உண்டு. இவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கடனை அடைக்க இவரைப்போல ஆசைப்பட்டவர் உலகத்திலேயே கிடையாது. கட்டுவதில்தான் சின்னச் சிக்கல்.

நம்மவரையே பாருங்கள். கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் முதல் காரியமாகக் கடன் அடைக்கத் திட்டம் போட்டார். திட்டமென்றால் சும்மாவா? கணினியில் கட்டம் கட்டமாகப் பிரித்து, வட்டிக்குச் சிவப்பும் அசலுக்குப் பச்சையும் அடித்து, சம்பளம் உயர்ந்தால் எப்படி, உயராவிட்டால் எப்படி, வெளிநாட்டு வேலையே வீடு தேடி வந்தால் எப்படி என்றெல்லாம் யோசித்து முடித்தபோது, பாதிக் கடன் தீர்ந்துவிட்டதுபோல அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் புதுக் கைப்பேசி ஒன்று வாங்கினார். முதல் தவணை அதில் போயிற்று.

போனால் என்ன? திருத்திய திட்டம் ஒன்று போட்டார். அப்புறம் அதற்கும் ஒரு திருத்தம்.

அலுவலகத்தில் யாருக்குக் கடன் சந்தேகம் வந்தாலும் இவரிடம்தான் வருவார்கள். “எது எப்படிப் போனாலும் தவணைய மட்டும் தள்ளிப் போடவே கூடாது” என்பார் அழுத்தந்திருத்தமாக. அந்த நேரம் பார்த்து வங்கியிலிருந்து அழைப்பு வரும். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

இப்படி இருக்கையில் தங்கைக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. தையல்கடை வைத்திருக்கும் அப்பா அவளை அழைத்துக்கொண்டு அதே வங்கிக்குப் போனார். போன வேகத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள்.

“நீ ஒரு தவணைகூட கட்டலையாமே. நான் ஜாமீன் போட்டிருக்கேன்ல, அதனால இவளுக்குக் கடன் கிடையாதுன்னுட்டாங்க.”

அப்பா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நம்மவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதறிப்போய்க் கணினியைத் திறந்தார்.

“இருங்கப்பா, எங்கிட்ட திட்டம் இருக்கு!”

தங்கை எட்டிப் பார்த்தாள். “ரொம்ப அழகா இருக்குண்ணா. இதுல எனக்கு எந்தக் கலர்?”

எந்தக் கட்டத்திலும் அவள் இல்லை. நம்மவருக்கு நிஜமாகவே வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாளே கைப்பேசியை விற்று, அலுவலகத்தில் முன்பணம் கேட்டு, தங்கையோடு வங்கிக்கு ஓடினார். அதிகாரி பாக்கியை வாங்கிக்கொண்டு, தங்கையின் விண்ணப்பத்தையும் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏன் சார், எத்தனை தடவை கூப்பிட்டோம்! எடுத்திருக்கக் கூடாதா?”

“கட்டச் சொல்லத்தானே கூப்பிடுறீங்கன்னு...”

“தவணைய பாதியா குறைச்சுத் தரலாம்னு சொல்லத்தான் கூப்பிட்டோம்!”

தங்கை அங்கேயே, எல்லார் முன்னாலும், அண்ணன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இதைப் படிக்கும்போது நடுவில் ஓர் அழைப்பு வந்ததே, யாரென்று பார்த்துவிட்டுப் பேசாமல் விட்டீர்களே, அது யார்?