லினக்ஸுக்கும் ஏற்றது

லொறி வந்துவிட்டது. லேபல் வரவில்லை.

கஹவத்தைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில், ஆபீஸ் கிளார்க் புஷ்பம் புதிய லேபல் பிரிண்டரின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்தது. 'அச்சிடப்பட்டது' என்று கம்பியூட்டர் திரும்பத் திரும்பச் சொன்னது. இரண்டும் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றியது.

தேயிலை மூட்டை ஒவ்வொன்றிலும் தோட்டத்தின் பெயர், தரம், இலக்கம், எடை எல்லாம் அச்சிட்ட லேபல் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் கொழும்பில் ஏலத் தரகரின் களஞ்சியத்தில் மூட்டையை இறக்க விடமாட்டார்கள். ஏலம் தவறினால் தேயிலை கிடந்து பழசாகும். பழசானதற்கு யார் பொறுப்பு என்ற விசாரணை எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் கிளார்க்கின் மேசையில்தான் வந்து உட்காரும்.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை இருக்கவில்லை. பழைய கம்பியூட்டரில் திருட்டு விண்டோஸ் இருந்தது. பழைய பிரிண்டர் இருமிக்கொண்டே வேலை பார்த்தது. திருட்டு மென்பொருள் வைத்திருந்தால் வழக்கு வரும் என்று யாரோ சொல்ல, கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று நேர்மை வந்துவிட்டது. எல்லாத் தோட்டங்களிலும் விண்டோஸுக்குப் பதில் இனி லினக்ஸ்தான் என்று சுற்றறிக்கை அனுப்பினார்கள். லினக்ஸ் எல்லாருக்கும் பொதுவானது, யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தலாம், இலவசம் என்று அதில் விளக்கியிருந்தது. 'இலவசம்' என்ற சொல்லுக்குப் பிறகு எழுதியிருந்ததை அலுவலகத்தில் ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

புதிய பிரிண்டரைத் தெரிவு செய்ததும் அவர்களே. பெட்டியின் மேல் லினக்ஸின் சின்னமான பெங்குயின் படம். அதன் கீழே 'லினக்ஸுக்கும் ஏற்றது' என்று போட்டிருந்தது. பெங்குயினைப் பார்த்தறியாத மூட்டை தைக்கும் பெண்கள் அதை வாத்து என்று நினைத்துத் தாரா என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

லொறி ஓட்டி வந்த ஸப்வான் ஆபீஸ் வாசலில் நின்று என்ன சுணக்கம் என்று கேட்டார். புஷ்பம் தலை நிமிராமல், "டிரைவர் இல்லைங்க, அதான்" என்றாள்.

"நான் இங்கதானே நிக்கிறேன்."

கம்பியூட்டர் சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியவைக்கும் மென்பொருளுக்கும் டிரைவர் என்றுதான் பெயர் என்று அவள் விளக்க வேண்டியதாயிற்று. அதுவும் கூப்பிட்டால் வராதா என்று கேட்டுவிட்டு ஸப்வான் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

புஷ்பம் பிரிண்டர் கம்பனியின் உதவி இலக்கத்துக்கு அழைத்தாள். நெடுநேரம் இசை கேட்டது. அவளுடைய அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை மூன்று மொழிகளில் விளக்கி, அந்த முக்கியத்துவம் நன்றாக ஊறும்வரை காக்க வைத்தார்கள். பிறகு ஒரு பெண் குரல், தன் பெயர் நுஹா என்றது.

பெட்டிக்குள் இருக்கும் சீடியைப் போடச் சொன்னாள் நுஹா. புதிய கம்பியூட்டரில் சீடி போட இடமில்லை என்றாள் புஷ்பம். அப்படியானால் கம்பனியின் இணையத்தளத்தில் லினக்ஸ் என்ற இடத்தை அழுத்தும்படி நுஹா சொன்னாள். அழுத்தியதும் ஒரு கோப்பு இறங்கியது. அதைத் திறக்கத் தெரியாது என்று கம்பியூட்டர் கையை விரித்தது.

"அது விண்டோஸ்லதான் தொறக்கும் மிஸ்" என்றாள் நுஹா.

"லினக்ஸுக்கான டிரைவருனு போட்டிருக்குங்களே?"

"ஓம் மிஸ். லினக்ஸ் டிரைவரத்தான் அதுக்குள்ள வெச்சிருக்காங்க. அத வெளியில எடுக்க விண்டோஸ் வேணும்."

புஷ்பத்துக்கு அது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, சாவி பத்திரமாக இருக்கிறது என்று சொல்வது போலிருந்தது.

அவள் விடுவதாக இல்லை. மேலே உள்ள யாரிடமாவது சொல்லும்படி வற்புறுத்தினாள். பின்னேரம் கம்பனியின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து மின்னஞ்சலில் ஒரு பரீட்சார்த்த டிரைவர் வந்தது. போட்டாள். பிரிண்டர் உறுமியது. லேபல் வந்தது.

லேபலில் பெங்குயின் இருந்தது. அதன் கீழே பெரிய ஆங்கில எழுத்தில் 'டெஸ்ட் பேஜ்' என்றிருந்தது. தோட்டத்தின் பெயரைக் கொடுத்தாலும் அதுதான் வந்தது. தரத்தைக் கொடுத்தாலும் அதுதான். ஒன்றும் கொடுக்காமல் சும்மா இருந்தபோதும் அது நிற்காமல் வந்துகொண்டேயிருந்தது. புஷ்பம் வயரைப் பிடுங்கினாள். மறுபடி சொருகியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மேசையிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து வாசலுக்கும் தாராக்கள் வரிசையாக இறங்கிப் போயின. இருந்த ஒரே லேபல் சுருளும் அதோடு தீர்ந்தது.

அந்த நேரம் பார்த்துத் தோட்ட மேலாளரான பெரிய துரை உள்ளே வந்தார். காலடியில் கிடந்த லேபல் வாலைத் தூக்கிப் பார்த்துச் சிங்களமும் தமிழுமாக, இது என்ன என்று கேட்டார்.

"மொகத மே, புஷ்பம்? தாராவா?"

நடந்ததைச் சொன்னாள். துரைக்குக் கம்பியூட்டர் விடயத்தில் ஒரே கொள்கைதான்: எதுவாக இருந்தாலும் லொறி போக வேண்டும். லேபல் என்றால் லேபல்தானே, மிச்சத்தை மார்க்கர் பேனையால் எழுதி ஒட்டுங்கள் என்றார். எல்லாரும் உட்கார்ந்து தாராவின் வயிற்றில் எடையையும் காலடியில் இலக்கத்தையும் எழுதினார்கள். மழையோடு லொறி மலையிறங்கியது. தன் தலையிலிருந்தும் பாரம் இறங்கிவிட்டதாகப் புஷ்பம் நினைத்துக்கொண்டாள்.

ஏலத்துக்கு முன் தேயிலையைச் சுவைத்துப் பார்க்கும் தரகர் துரைக்குப் போன் எடுத்தார். 'டெஸ்ட் பேஜ்' என்ற புதுத் தரத்தை எப்போது தொடங்கினீர்கள் என்று விசாரித்தார். சாயம் நன்றாக இருக்கிறதாம். வெளிநாட்டு வியாபாரி ஒருவர் அந்தத் தாராத் தேயிலை இன்னும் கிடைக்குமா என்று கேட்கிறாராம். துரை அரைமணி நேரம் சந்தோஷமாக இருந்தார். அந்தச் செய்தி தலைமை அலுவலகத்துக்கும் போயிற்று. பதிவு செய்யாத முத்திரையோடு தேயிலையை ஏலத்துக்கு அனுப்பியது யார், ஏன் என்று உடனே விளக்கம் கேட்டார்கள். துரையின் சந்தோஷம் துரையோடு நின்றது; விளக்கம் கேட்டது மட்டும் புஷ்பத்துக்கு வந்து சேர்ந்தது. அடுத்த லொறியும் இப்படிப் போனால் வேலை இல்லை என்று வாய்மொழியாகவும் சொல்லி வைத்தார்கள்.

அவள் மீண்டும் உதவி இலக்கத்துக்கு அழைத்தாள். அதே இசை, அதே முக்கியத்துவம், அதே நுஹா. இந்த முறை நுஹா வேறு விதமாகப் பேசினாள். கம்பனி இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறதாம். இந்த மாதிரிப் பிரிண்டருக்கு லினக்ஸ் ஆதரவு கிடையாதாம்.

"அப்ப பொட்டியில தாரா... பெங்குயின் படம் எதுக்குங்க போட்டிருக்கீங்க?"

"அது டிசைன் மிஸ்."

"ஏற்றதுனு எழுத்துலயும் போட்டிருக்குங்களே."

"பிரிண்டர லினக்ஸ் கம்பியூட்டருக்குப் பக்கத்துல வெச்சா ஒண்ணும் ஆகாது, அதத்தான் அப்பிடிப் போட்டிருக்காங்கண்டு சொல்லச் சொன்னாங்க."

புஷ்பத்துக்கு வாயில் வந்ததெல்லாம் அன்று நுஹாவின் காதில் விழுந்தது. நீங்களெல்லாம் எதற்குச் சம்பளம் வாங்குகிறீர்கள், எழுதிக் கொடுத்ததை வாசிக்க ஒரு கிளி போதாதா என்று கேட்டாள். நுஹா கோபப்படவில்லை.

"இந்த கோல் ரெக்கோட் ஆகுது மிஸ். இதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல ஏலா."

மறுநாள் புஷ்பம் இணையத்தில் தேடி, தமிழில் லினக்ஸ் பற்றிப் பேசும் ஒரு மன்றத்தைக் கண்டுபிடித்தாள். நடந்த அத்தனையையும் அழாத குறையாக எழுதிப் போட்டாள். முதலில் பதில் போட்டவர், இந்தப் பிரிண்டரை வாங்கியதே பிழை என்றார். இரண்டாமவர் லினக்ஸில் அவள் வைத்திருக்கும் வகை சரியில்லை, வேறு வகைக்கு மாறச் சொன்னார். மூன்றாமவர் இரண்டாமவர் வைத்திருக்கும் வகையைப் பழித்தார். அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்ததில் புஷ்பத்தை மறந்துவிட்டார்கள்.

பின்னேரம் 'அட்டைக்கடி' என்ற பெயரில் ஒருவர் வந்தார். மழைக்காலத்தில் கால் முழுக்க அட்டை ஏறும் தோட்டத்தில் இருப்பவளுக்கு அந்தப் பெயரே உறவாகப் பட்டது. அட்டைக்கடி அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பிரிண்டரைப் போட்டதும் விளக்கு எத்தனை தரம் சிமிட்டுகிறது, தாள் நகரும்போது என்ன சத்தம் வருகிறது என்று மட்டும் கேட்டார். வைத்தியரிடம் பிள்ளையின் வயிற்றுப்போக்கைப் பற்றிச் சொல்வது போலப் புஷ்பம் ஒன்றும் விடாமல் சொன்னாள். கம்பனி டிரைவர் தராது, தானே எழுதிப் பார்க்கிறேன் என்று அவர் பதில் போட்டார். "ரொம்ப நன்றிங்க அட்டைக்கடி அண்ணே" என்று அவள் எழுதினாள்.

முதலில் வந்த டிரைவர் எழுத்துகளைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றி அடித்தது. அடுத்தது சரியாக அடித்தது, ஆனால் ஒன்று கேட்டால் மூன்று கொடுத்தது. அதற்கும் அடுத்தது வந்த அன்று புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். தோட்டத்தின் பெயர், தரம், இலக்கம், எடை எல்லாம் ஒரே ஒரு லேபலில் பளிச்சென்று வந்தன. தாரா இல்லை. மூட்டை தைக்கும் வெள்ளையம்மா மட்டும், அது இருந்தால் லட்சணமாக இருந்திருக்கும் என்றாள்.

லொறி நேரத்துக்குப் போயிற்று. வேலையும் தப்பியது. இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பயம் போன இடத்தில் புஷ்பத்துக்குக் கோபம் வந்து குடியேறியது. பிரிண்டர் கம்பனியின் தலைவருக்கு நேரடியாக எழுதினாள். துரையிடமும் கையெழுத்து வாங்கினாள். உங்கள் உதவிப் பிரிவில் இருக்கும் நுஹா என்பவருக்கு ஒன்றும் தெரியாது, கிளி மாதிரி ஒப்பிக்கிறார், அவரை முதலில் நீக்குங்கள். உங்கள் பொறியியலாளர்கள் செய்யாததை அட்டைக்கடி என்ற பெயரில் ஒரு நல்ல மனிதர் காசு வாங்காமல் செய்திருக்கிறார், வெட்கமிருந்தால் அவரைத் தேடிப் பிடித்து வேலை கொடுங்கள் என்று எழுதினாள். ஆத்திரம் தீர எழுதியதுதான். இப்படிப்பட்ட புகார்களை யாரும் வாசிப்பதில்லை என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது.

கம்பனி வாசித்துவிட்டது. வெளிநாட்டு வியாபாரியின் தாராக் கதை பத்திரிகைவரை போயிருந்ததால், வாசிக்க வேண்டிய நிலைமை அவர்களுக்கு. பதில் மிகப் பணிவாக வந்தது. வாடிக்கையாளரின் குரலே தங்கள் குரல் என்றும், அவளுடைய இரண்டு ஆலோசனைகளையும் ஒரே நாளில் நிறைவேற்றிவிட்டோம் என்றும் எழுதியிருந்தார்கள். லினக்ஸ் நண்பர்களுக்குத் தாங்கள் என்றுமே துணை நின்று வந்திருப்பதாகப் பத்திரிகையில் அரைப்பக்க விளம்பரமும் வந்தது. அதில் பெங்குயின் முன்பைவிடக் கொழுத்திருந்தது.

புஷ்பத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளையின் வேலையைத் தின்றுவிட்டோமே என்றிருந்தது. நுஹா ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை என்பது இப்போது பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பார்த்தாள். வேறு ஒரு குரல், நுஹா இப்போது அங்கே இல்லை என்றது.

சில நாட்களில், கம்பனியின் புதிய லினக்ஸ் பிரிவுத் தலைவர் தோட்டத்துக்கு வந்து பிரிண்டரைப் பார்க்கப் போவதாக அறிவித்தார்கள். அட்டைக்கடிதான் வருகிறார் என்று புஷ்பத்துக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி போட்ட, தாடி வைத்த, நடுவயது மனிதர் ஒருவரை அவள் மனதில் தயாராக வைத்திருந்தாள். கம்பனிக் காரிலிருந்து முக்காடு போட்ட இளம்பெண் ஒருத்தி இறங்கி, சேற்றைத் தாண்டி வந்து, "அட்டைக்கடி" என்று சிரித்தாள். அண்ணே அண்ணே என்று எழுதியதையெல்லாம் நினைத்துப் புஷ்பம் கூசிப் போனாள். உள்ளே தேயிலை அரைக்கும் இயந்திரங்கள் போட்ட இரைச்சலில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் குரலை எங்கோ கேட்டது போலிருந்தது.

அந்தப் பெண் பிரிண்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் புறப்பட ஆயத்தமானாள். புஷ்பம் தொழிற்சாலையின் நல்ல தேயிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்தாள்.

"இது உங்களுக்கு இல்லைங்க, கோவிச்சுக்காதீங்க. உங்க ஹாட்லைன்ல நுஹானு ஒரு புள்ள இருந்துச்சு. நான் எழுதினதாலதான் அதுக்கு வேல போச்சு. எங்கயாச்சும் பார்த்தீங்கன்னா இதக் குடுத்து, புஷ்பம் மன்னிப்புக் கேட்டதா சொல்லுங்க."

அந்தப் பெண் பொட்டலத்தை வாங்கினாள். அதை மூக்கருகே கொண்டுபோய் மெதுவாக மணம் பார்த்தாள். பிறகு தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"குடுத்தாச்சு மிஸ். அண்டைக்குக் காலையில என்னைய வீட்டுக்கு அனுப்பினவங்களே, பின்னேரம் என்னையக் கூட்டிட்டு வர வீட்டுக்குக் கார் அனுப்பினாங்க."